ஐகானா, விஷ்ஷா? கப்பலில் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

கரீபியன் பக்கம் குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம். மாமியாருக்கு மூட்டு வலி, பெரியவனுக்கு 13 வயது, சின்னவளுக்கு 5. ஐகான் ஆஃப் த சீஸா, டிஸ்னி விஷ்ஷா என்பதில்தான் வீட்டில் இழுபறி.

ஐகான் 2024-இல் வந்தது. 20 தளம், 6 நீர்ச்சறுக்கு, 7 இரவுப் பயணம். பெரியவன் அதிலேயே குறியாக இருக்கிறான். ஆனால் அறைக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பயணிகள்! இந்தக் கூட்டத்தில் மாமியார் லிஃப்டுக்காக எவ்வளவு நேரம் நிற்பார்?

விஷ் சின்னது, 3, 4 இரவுதான். தினம் ஒரு உணவகம், ஆனால் பரிமாறுபவர்கள் நம் கூடவே வருகிறார்களாம். சாப்பாட்டில் அடம்பிடிக்கும் சின்னவளுக்கு இது பெரிய விஷயம். சாப்பாட்டோடு சோடாவும் இலவசம், ஐகானில் அதற்குத் தனிக் காசு. விஷ்ஷில் குளியலறையும் கழிப்பறையும் பெரும்பாலான அறைகளில் தனித்தனி. காலை நேரச் சண்டை மிச்சம்.

என் மனம் விஷ் பக்கம்தான். அப்புறம் பெரியவனை நினைத்தால் தயக்கம். விஷ்ஷில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா? கப்பல் ஆட்டம் தெரியாமலிருக்க நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்கச் சொல்கிறார்கள். பால்கனியை விட்டுக்கொடுத்து அதை எடுக்கலாமா?