நடுவில் பாலம் இருக்கிறது, ஏற வழியில்லை. யாரைக் கேட்பது?

வாழைத்தோப்புக்காரன்:
எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, தென்காசி ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. ரயில்வே கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் கட்டுகிறார்கள். தண்டவாளத்துக்கு நேர் மேலே தூணும் தளமும் முடிந்து வெகுநாள் ஆகிறது. இரண்டு பக்கமும் அணுகுசாலை இல்லை. இப்போதைக்கு அந்தப் பாலத்தை மயில்கள்தாம் பயன்படுத்துகின்றன. போன வாரம் ஏத்தன் குலைகளோடு வேனில் இருபது நிமிடம் கேட்டில் நின்றேன். ஓர் அலுவலகத்தில் கேட்டால் இது டெல்லி வேலை என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் சென்னைக்கு எழுதச் சொல்கிறார்கள். எம்.பி.யிடம் ஒரு மனு, எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தாயிற்று. ஒரு பாலத்துக்கு எத்தனை அரசாங்கம்?

சங்கிலி அண்ணாச்சி:
தம்பி, நில அளவையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி இழுத்தவன் நான். கடைசி ஆறு வருடம் நில எடுப்புப் பிரிவில் இருந்தேன். அதனால் உங்கள் பாலத்தை மேலிருந்து பார்க்காமல் கீழிருந்து சொல்கிறேன்.

உங்களிடம் இரண்டு அலுவலகமும் பொய் சொல்லவில்லை. பாலத்தின் நடு டெல்லியுடையது, இரண்டு கால்களும் சென்னையுடையவை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ரயில்வே ஒன்றியப் பட்டியலில் வருகிறது. சாலையும் நிலமும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஆகவே தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டுவதும், அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை போடுவதும் வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், நிலம் மாநிலத்துடையது, ஆனால் நிலத்தை எடுப்பது பொதுப்பட்டியலில் 42ஆவது இனம். அதில் இரண்டு பேருமே சட்டம் செய்யலாம். மோதினால் நாடாளுமன்றச் சட்டம் நிற்கும். ஆனால் அரசியலமைப்பின் 254ஆவது பிரிவில் ஒரு மடை திறந்து வைத்திருக்கிறார்கள். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால், அந்த மாநிலத்துக்குள் அதுவே நிற்கும்.

இது ஏட்டில் படித்ததல்ல. நான் நட்ட கற்களுக்கு நடந்தது. அணுகுசாலைக்கு நாங்கள் நிலம் எடுத்தது 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. நாடாளுமன்றம் 2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் இயற்றியது. 2014 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் சட்டமன்றம் அந்தப் புதிய சட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கு மட்டும் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கி, நெடுஞ்சாலைச் சட்டத்தையும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களையும் காப்பாற்றிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 105ஏ அந்தச் சட்டங்களைக் காப்பாற்றாது என்றது. நாங்கள் அளந்து முடித்து, உட்பிரிவு போட்டு, புலப்படத்தில் சிவப்பு மையால் கோடு கிழித்த நிலம் அது. மறுநாள் காலை அந்தக் கோட்டுக்கு என்ன மதிப்பு என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சட்டமன்றம் அதே ஆண்டு அந்த மூன்று சட்டங்களையும் மீட்க இன்னொரு சட்டம் இயற்றி, டிசம்பரில் மறுபடியும் ஒப்புதல் வாங்கியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021 ஜூன் 29இல் மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு முழ உயரக் கல்லுக்கு இத்தனை கை மாறல்!

பாளை மாணவி:
சட்டம் படிக்கிறேன், அண்ணாச்சி. சிறு சேர்க்கை இரண்டு. அந்த ஒப்புதல் என்றைக்குமான காப்பு இல்லை. நாடாளுமன்றம் பிறகு அதே பொருளில் சட்டம் செய்து மாநிலச் சட்டத்தை மாற்றவோ நீக்கவோ 254ஆவது பிரிவே இடம் தருகிறது. குடியரசுத் தலைவரும் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவு செய்கிறார். மடை இருக்கிறது, திறப்பது டெல்லி.

சட்டமன்றமும் அமைச்சரவையும் ஒன்றியத்துக்குத் தனி, மாநிலத்துக்குத் தனி. நீதிமன்றம் மட்டும் அப்படியில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு, மாநில நீதிமன்றங்கள் வேறு. நமக்கு ஒரே ஏணி. ரயில்வேயின் மேல் வழக்கென்றாலும் நெடுஞ்சாலைத் துறையின் மேல் வழக்கென்றாலும் நம் மாவட்டத்துக்காரர் போவது மதுரைக் கிளைக்குத்தான்.

தேரடித் திண்ணை:
இவ்வளவு படித்தும் கேட்டில் நிற்கப் போவது நாம்தானே! அதிகாரத்தைப் பிரித்ததே ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவதற்குத்தான்.

சங்கிலி அண்ணாச்சி:
திண்ணைக்காரரே, கோபம் சரி, காரணம் சரியில்லை. எல்லாம் ஒரே கையில் இருந்திருந்தால் 2019இல் நிலம் கொடுத்தவர்கள் யாரிடம் போய் முறையிட்டிருப்பார்கள்? தாமதத்துக்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றில் பாதி தாலுகா எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன.

வாழைத்தோப்புக்காரரே, மனுவை விடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்துப் பத்து ரூபாயில் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். ஒன்று ரயில்வே கோட்டத்துக்கு. உங்கள் பக்கத்துக்கு மதுரைக் கோட்டம். நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டும். மற்றொன்று மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. "பாலம் எப்போது முடியும்" என்று கேட்காதீர்கள், "ஆவன செய்யப்படும்" என்று வரும். எந்தெந்தப் புல எண்கள், அறிவிப்பு எந்தத் தேதி, எந்த எண்ணில் இழப்பீடு நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். அதற்கிடையில் ஒன்று சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் இறக்கம் வரும் இடத்தில் யார் நிலம்?

வாழைத்தோப்புக்காரன்:
தோப்பும் ஒரு கிணறும், அண்ணாச்சி. கூட்டுப் பட்டா. இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசு ஏழு பேர். என் பெரியப்பா மகன் மும்பையில் இருக்கிறார், கையெழுத்துப் போட வரமாட்டேன் என்கிறார். மற்ற ஆறு பேரில் நானும் ஒருவன்.

சங்கிலி அண்ணாச்சி:
அப்படியானால் முதல் விண்ணப்பத்தை மும்பைக்குப் போடுங்கள், தம்பி.