ஒரே நாளில் கொச்சி: அந்த "20 நிமிஷம்" கணக்கு

கடல்காகம்:
"கொச்சிக்கு ஒரே நாள் போதும். எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டியில வாட்டர் மெட்ரோ படகு ஏறினா 20 நிமிஷத்துல ஃபோர்ட் கொச்சி, மதியச் சாப்பாட்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்"னு ரயில்பித்தன் நேத்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கார். நாலு பேர் நன்றி வேற சொல்லியிருக்காங்க. 20 நிமிஷமாம்! படகுக்கு 100 பேர்தான். எண்ணித்தான் விடுவாங்க. 101-வது ஆள் நீங்கன்னா அடுத்த படகு. ஞாயித்துக்கிழமை ஒன்றேகால் மணி நேரம்னு எழுதி வெச்சுக்கங்க.

ரயில்பித்தன்:
20 நிமிஷம்தான். டிக்கெட் 40 ரூபா, ஏசி. தோப்பும்படி பாலத்து நெரிசல்ல கார்ல வேகறவங்களுக்கு இதைக் கேட்டா வயிறு எரியத்தான் செய்யும்.

கடல்காகம்:
கார்னு யார் சொன்னது? சுபாஷ் பார்க் பக்கத்துல பழைய போட் ஜெட்டி இருக்கு, அரசுப் படகு ஓடுது, டிக்கெட் சில்லறைக் காசு. மழைக்காலத்துல ஆகாயத்தாமரை புரொப்பெல்லர்ல சுத்திக்கிட்டா தாமதமாகும், அது ஒண்ணுதான் தொல்லை. புதுசா ஒண்ணு வந்துட்டா பழசு கண்ணுக்குத் தெரியாது சிலருக்கு.

நொய்யல்செல்வி:
ரெண்டு பேரும் வரிசையில நிக்கற நேரத்தைச் சேர்த்துச் சொல்றீங்களா, சேர்க்காமலா?

ரயில்பித்தன்:
20 நிமிஷம்னா 20 நிமிஷம்ங்க. ஆலப்புழை படகுவீட்டு விவாதத்துல வாங்கிக் கட்டினதை இவர் இன்னும் மறக்கலை, அதான் விஷயம்.

கடல்காகம்:
அங்க யார் வாங்கினதுன்னு படிச்சவங்களுக்குத் தெரியும். சரி, அந்தத் திட்டத்துல கிழமையே இல்லையே, கவனிச்சீங்களா? மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு. யூதர் கோயில் வெள்ளி, சனி நம்பிப் போகக்கூடாது. மத்த நாள்லயும் மதியம் 1 மணிக்குப் பூட்டினா 3 மணிக்குத்தான் திறப்பாங்க. "மதியச் சாப்பாட்டுக்குள்ள" முடிக்கறவர் ஃபோர்ட் கொச்சியில இறங்கி, கரையோரத்துல மீன் பிடிக்கற சீனவலையைப் பார்த்து, ஆட்டோ பிடிச்சு வர்றதுக்குள்ள கதவு சாத்தியிருக்கும். வரிசையைத் தலைகீழாப் போடணும். 2025 அக்டோபர்ல மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ வந்தாச்சு. அங்க இறங்கி, காலை 10 மணிக்கு யூதர் கோயில். அரைக்கால் டவுசர், கையில்லாச் சட்டை போட்டா உள்ளே விடமாட்டாங்க, செருப்பும் வெளியே. தரையில பதிச்ச நீலவெள்ளைச் சீன ஓடுகளைக் குனிஞ்சு பாருங்க, எல்லாம் கையால தீட்டினது. அடுத்து அரண்மனையில ராமாயணச் சுவரோவியம். படம் எடுக்க விடமாட்டாங்க. வெயில் தாழ்ந்ததும் ஃபோர்ட் கொச்சி.

ரயில்பித்தன்:
ஆக, நீங்களும் வாட்டர் மெட்ரோவுலதான் போறீங்க. ரொம்ப சந்தோஷம்.

கடல்காகம்:
படகை யார் குறை சொன்னது? 20 நிமிஷத்தைத்தான் சொன்னேன்.

பாலக்காட்டுக் கணவாய்:
வாஸ்கோ ட காமா சமாதியை விட்டுட்டீங்களே அண்ணே. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்.

கடல்காகம்:
1524-ல புதைச்சாங்க, 1539-ல எலும்பை எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. இருக்கறது கல்லு மட்டும். ஞாயிறு காலையில பிரார்த்தனை நடக்கும், சுத்திப் பார்க்க அப்போ போகாதீங்க.

பாலக்காட்டுக் கணவாய்:
கல்லைப் பார்க்கத்தான் எல்லாரும் போறாங்க. மகாபலிபுரத்துல மட்டும் என்ன இருக்கு, கல்லுதானே?

ரயில்பித்தன்:
அதை விடுங்க. எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷன்ல இறங்கணுமா, சவுத்தான்னு நேத்து என் திட்டத்துக்குக் கீழ ஒருத்தர் கேட்டாரே, அவருக்கு இவர் பதிலே சொல்லலையே. ஹைகோர்ட் ஜெட்டிக்கு நார்த்.

கடல்காகம்:
டிக்கெட்ல "எர்ணாகுளம் டவுன்"னு இருந்தா அதுதான் நார்த், "ஜங்ஷன்"னா சவுத். வண்டி எங்கே நிக்குதோ அங்கேதான் இறங்க முடியும். நீங்க நினைச்ச இடத்துல நிறுத்த அது டவுன் பஸ் இல்லை.

நொய்யல்செல்வி:
கதகளி பார்க்க நேரம் இருக்குமா?

கடல்காகம்:
மேக்கப் 5 மணி, ஆட்டம் 6 மணிம்மா. சூரியன் இறங்கறதும் கிட்டத்தட்ட அதே நேரம், ரெண்டுல ஒண்ணுதான். குழந்தைங்க இருந்தா மேக்கப்பை மட்டும் பார்த்துட்டு சீனவலைக்கு வந்துடுங்க. கயித்துல பாறாங்கல்லு வரிசையாத் தொங்கும், அந்த எடைதான் வலையைத் தூக்க உதவும். "வந்து கயிறு இழுங்க சார்"னு கூப்பிடுவாங்க, இழுத்தா காசு கேப்பாங்க. ஆட்டோக்காரர் சும்மா ஊரைச் சுத்திக் காட்டறேன்னா கமிஷன் கடை நாலு நிச்சயம்.

ரயில்பித்தன்:
திரும்பறதுக்கும் 20 நிமிஷம்தான்.

கடல்காகம்:
சூரியன் மறைஞ்சதும் மொத்தக் கூட்டமும் ஒரே ஜெட்டிக்குத்தான் வரும். அப்போ தெரியும் உங்க 20 நிமிஷம். ரயிலைப் பிடிக்கணும்னா வண்டியையும் ஆளையும் ஏத்திக்கிட்டுப் போற ரோரோ படகுல எதிர்ல வைப்பின் கரைக்குப் போயிடுங்க, சில நிமிஷம்தான். அங்கேருந்து கோஸ்ரீ பாலம் வழியா ஹைகோர்ட்டுக்கு பஸ்.

ரயில்பித்தன்:
ரோரோவுல வரிசையே கிடையாதாக்கும்?

கடல்காகம்:
கார்ல போனா உண்டு. நடந்து ஏறுங்க.

ரயில்பித்தன்:
20 நிமிஷம்.

நொய்யல்செல்வி:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.