வலம்புரி, இடம்புரி வேண்டாம்: நத்தை ஓட்டுக்கு வலவாய், இடவாய்

நண்பர்களுக்கு வணக்கம்.

நன்னீர் நத்தைகளைப் பற்றி எழுதும்போது ஓட்டின் வாய் வலப்பக்கம் இருக்கும் டெக்ஸ்ட்ரல் வகைக்கு வலம்புரி, இடப்பக்கம் இருக்கும் சினிஸ்ட்ரல் வகைக்கு இடம்புரி என்று வைத்துவிடலாம் எனப் பலரும் சொல்கிறீர்கள். அழகான சொற்கள்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

வண்டியூர் கண்மாய்க் கரையிலோ மேலூர்ப் பக்கத்து வயலிலோ ஒரு பைலா நத்தையின் ஓடு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். சுருளின் முனை மேலே இருக்கட்டும், வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும். வாய் வலப்பக்கம் வரும். விலங்கியலில் இதுதான் டெக்ஸ்ட்ரல். சாதாரணச் சங்கும் இதே வகைதான். ஆனால் அதை நம் மக்கள் இடம்புரி என்கிறார்கள்! அரிதாகக் கிடைத்து, பூசை அறையில் இடம்பிடிக்கும் வலம்புரிச் சங்குதான் விலங்கியல் கணக்கில் சினிஸ்ட்ரல். மரபில் சங்கின் வால்முனையை, அதாவது சுருளின் முனைக்கு எதிர்முனையை, மேலே வைத்துப் பார்ப்பார்கள். விலங்கியலார் அதைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். தலைகீழாகப் பிடித்தால் வாய் இருக்கும் பக்கமும் மாறிவிடுகிறது.

மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துக் கடையில் வலம்புரிச் சங்கைப் பார்த்த பிள்ளை, பைலாவும் வலம்புரி என்று பாடத்தில் படித்தால் என்ன செய்யும்? மக்கள் காலங்காலமாக ஒரு பொருளில் வழங்கிவரும் சொல்லை நேரெதிர்ப் பொருளில் நாம் புழங்கக் கூடாது.

அதனால் டெக்ஸ்ட்ரலுக்கு வலவாய், சினிஸ்ட்ரலுக்கு இடவாய் என்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்லும் சொற்கள். லிம்னியா, பைசா என்ற நன்னீர் நத்தைகள் இரண்டுக்குமே மெல்லிய ஓடு, இரண்டுக்குமே ஓட்டின் வாயை அடைக்கும் மூடி கிடையாது. லிம்னியா வலவாய், பைசா இடவாய் என்றால் குளக்கரையிலேயே பிரித்துவிடலாம்.

இண்டோபிளனார்பிஸ் என்ற நத்தையில்தான் சிக்கல். அதன் ஓடு தட்டையாகச் சுருண்டிருக்கும், துருத்திய முனை கிடையாது. புரட்டிப் போட்டால் வாயின் பக்கம் மாறும். உள்ளுறுப்புகளின் அமைப்பை வைத்துத்தான் அதை சினிஸ்ட்ரல் என்கிறார்கள். அங்கே மட்டும் 'இட உடலமைப்பு' என்று எழுதலாம். சொல் கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

அப்புறம், ஓட்டின் வாயை அடைக்கும் ஓபர்குலத்துக்கு மூடி என்பதே போதும். பைலாவுக்குச் சுண்ணாம்பாலான சுண்ண மூடி, அமெரிக்கக் கண்டத்து நத்தையான பொமேசியாவுக்குக் கொம்பு போன்ற பொருளாலான கொம்பு மூடி. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

சுருள்கள் ஒன்றோடொன்று சேரும் கோட்டுக்குப் பொருத்துகோடு என்று வைக்கலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.