சர்வீஸுக்கு முன் ஒரு 'புஷ்': தள்ளலா, உந்தலா?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி இதழுக்காக மகளிர் சக்கர நாற்காலி டென்னிஸ் பற்றி எழுதுகிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறுதியாட்டத்தில் டீடெ டெ குரோட்டை ஜப்பானின் யூய் கமிஜி வென்றதிலிருந்து கட்டுரை தொடங்குகிறது. பந்து இருமுறை தரையில் படலாம் என்ற விதிக்கு 'இரட்டைத் துள்ளல்' போதும். 'புஷ்'தான் இடிக்கிறது. சர்வீஸ் போடுபவர் நாற்காலியை அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு பந்தை அடிக்குமுன் சக்கரத்தை ஒரே ஒரு முறை செலுத்தலாம். இதற்குத் 'தள்ளல்' சரியா?

(பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

---

தம்பி, 'தள்ளல்' வேண்டவே வேண்டாம். சக்கர நாற்காலியைத் தள்ளுவது என்றதும் மருத்துவமனைத் தாழ்வாரமும் பின்னால் நிற்கும் ஊழியரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நெதர்லாந்தின் சக்கர நாற்காலி டென்னிஸ் வீராங்கனை எஸ்தர் வெர்கீர் 2003இல் தோற்றபின், 2013இல் ஓய்வை அறிவிக்கும்வரை ஒற்றையர் பிரிவில் தொடர்ந்து 470 ஆட்டங்களை வென்றார். அவரை யார் தள்ளிக்கொண்டு போனார்கள்? ராக்கெட் பிடித்த கையாலேயே சக்கர வளையத்தையும் செலுத்த வேண்டிய ஆட்டம் இது. ஊஞ்சலில் இருப்பவர் காலால் உந்துகிறார்; பின்னால் நிற்பவர் தள்ளுகிறார். நம் மொழி இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. 'உந்தல்' என்று எழுதுங்கள்.

(ஜார்ஜ் டவுன், பினாங்கு)

---

அக்கா சொல்வது நயமாக இருக்கிறது. ஆனால் பேருந்து, மகிழுந்து என்று பழகிய மாணவர்களுக்கு 'உந்து' என்றாலே இயந்திரம்தான். கைகளிலும் குறைபாடு உள்ளவர்கள் ஆடும் குவாட் பிரிவில் மின்நாற்காலிக்கும் அனுமதி உண்டு என்பதால் குழப்பம் கூடும். 'கைவிசை' என்று வைத்தால் என்ன?

(கிள்ளான்)

---

ஐயா, நாம் கைப்பந்து என்பதைத் தமிழ்நாட்டில் கையுந்துபந்து என்றும் எழுதுகிறார்கள். அதில் எந்த இயந்திரம் ஓடுகிறது? 'கைவிசை' ஏதோ சுவிட்சு போல ஒலிக்கிறது. மேலும், 'இரண்டு உந்தலில் பந்தை எட்டிவிட்டார்' என்று வருணனையாளர் மூச்சுவிடாமல் சொல்ல முடியும். 'இரண்டு கைவிசையில்' என்று சொல்லிப் பாருங்கள்.

(ஜார்ஜ் டவுன்)

---

'உந்தல்' என்றே வைத்துக்கொள்கிறேன். வாக்கியம் இப்படி வருகிறது: 'நாற்காலி அசையாமல் நின்றபின், பந்தை அடிக்குமுன் ஓர் உந்தலுக்கு அனுமதி உண்டு.' கிள்ளான் ஐயாவின் ஐயத்துக்காக, மின்நாற்காலி பற்றிய பத்தியில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டேன்.

அடுத்து, இந்த நாற்காலிகளின் சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று நிற்குமே, சட்டென்று திரும்பும்போது கவிழாமல் இருப்பதற்கு? அதைச் 'சக்கரச் சாய்வு' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். இதழ் அச்சுக்குப் போகிறது.

(பிரிக்ஃபீல்ட்ஸ்)