புதுப்பிப்பு: தாராபுரம் பக்கம் 2 மெகாவாட் சோலார், கிரிட் இணைப்புச் செலவு முன்மதிப்பீடு

விண்ணப்பிக்கும் முன்பே இணைப்புச் செலவை ஓரளவு சரியாகக் கணிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதிகாரப்பூர்வ எஸ்டிமேட் வந்துவிட்டது.

"மேப்பில் கோடு போடாதீங்க, லைன் போகும் வழியில் நடந்து பாருங்க" என்று ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. நம் இடத்திலிருந்து சப்ஸ்டேஷனுக்கு மேப்பில் நேர்கோட்டில் 3 கிலோமீட்டர். ரோட்டோரமாகப் போனால் 4.2. நடுவில் தோட்டத்துக்காரர் ஒருவர் கம்பம் நட விடமாட்டேன் என்றார், வாய்க்கால் ஓரமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்துக்கு மட்டும் நிலத்தடி கேபிள். இதையெல்லாம் சேர்த்துப் போட்ட 11 கே.வி. லைன் கணக்கு எஸ்டிமேட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

எதிர்பாராதது சப்ஸ்டேஷனுக்குள்தான். 2 மெகாவாட்டுக்கு 11 கே.வி.யில் சுமார் 105 ஆம்பியர்தான் ஓடும், இருக்கிற ஃபீடரிலேயே (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பி அந்தப் பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்) சேர்த்துவிடலாம் என்று இங்கே பலர் சொன்னீர்கள். கம்பி தாங்கும், உண்மைதான். ஆனால் மதியம் அந்த ஃபீடரில் லோடு குறைவு, நம் சோலார் கரண்ட் திரும்பி சப்ஸ்டேஷனுக்கு ஏறும், வோல்டேஜும் கூடும். அதனால் தனி ஃபீடர், அதற்குத் தனி பிரேக்கர் (கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று முடிவானது. காலியாக இருந்த பிரேக்கரும் ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. புது பிரேக்கர், சி.டி., பி.டி. (கரண்டையும் வோல்டேஜையும் மீட்டர் அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்கள்), மீட்டர் செட், மேற்பார்வைக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் நம் தலையில்.

நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சப்ஸ்டேஷனில் கேட்க வேண்டியவை: காலி பிரேக்கர் யார் பெயரில் இருக்கிறது, மதிய நேர லோடு எவ்வளவு.