பிளாக் எவிடே?

புளியரைக்காரன்:
மாமா ஆரியங்காவில் ரப்பர் பால் வெட்டுபவர். நாற்பது வருஷ முறுக்கான் பழக்கம். வெற்றிலை, பாக்கு, போயிலை எல்லாம் இடது கன்னத்துக்குள்தான் அடங்கிக் கிடக்கும். புண் வந்ததும் அங்கேயேதான்; கன்னப் புற்று. ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன், அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். ஒரு வருஷம் நன்றாக இருந்தார். பிறகு கழுத்தில் கட்டி.

குளத்துப்புழை, பாலோடு வழியாகத் திருவனந்தபுரம் கூட்டிப்போனேன். வளைவுக்கு வளைவு வாந்தி. டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பிளாக் எவிடே?" என்றார். பிளாக் ஆபீசுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன். அவர் கேட்டது, வெட்டியெடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக்கட்டியை.

பழைய ஆஸ்பத்திரியில், சீவிய சதையை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு மட்டும்தான் தந்திருந்தார்கள். பிளாக் என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்டால், ரெக்கார்டு ரூம் ஆள் லீவாம். மூன்று தடவை நடந்தேன். கடைசியில் கைக்கு வந்தது தீப்பெட்டியைவிடச் சின்னது: பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் பட்டாணி அளவில் ஒரு பழுப்புத் துண்டு. மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இதுவா மருமவனே என் கன்னம்?" என்றார்.

அதை நாலு மைக்ரான் கனத்தில் சீவி, பி.டி.எல்.1 புரதத்துக்குச் சாயம் போட்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் தாக்காமல் புற்றுச் செல் தப்பிக்க உதவும் புரதம் அது. அங்கே மேல்படிப்பு படிக்கும் டாக்டர் பெண் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நீல உட்கருக்கள், செல்லைச் சுற்றிக் காவி விளிம்பு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் காய்ந்துபோன வெற்றிலைக் கறை மாதிரியே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சாயமேறிய புற்றுச் செல், லிம்போசைட், மேக்ரோபேஜ் (பின்னவை இரண்டும் எதிர்ப்புச் செல்கள்) எல்லாவற்றையும் கூட்டி, உயிருள்ள புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் சி.பி.எஸ். ஸ்கோர். எண்ணுவதற்குக் குறைந்தது 100 புற்றுச் செல்லாவது வேண்டும். அதற்குத்தான் அந்த பிளாக்.

மாமாவுக்கு 25. 1 இருந்தாலே, எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் ஊசியை யோசிக்கலாம், 20-ம் அதற்கு மேலும் என்றால் பலன் கூடுதலாக எதிர்பார்க்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் வாந்தி வந்தது. முடிவில் அதே வகை ஊசியான நிவோலுமாப் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒன்று, கூடவே மாத்திரைகள். வழக்கமான டோஸில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் 2022 ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதம்; இப்படிச் சேர்த்துக் கொடுத்தபோது 43 ஆனார்கள். மாமா ஏழாவது ஊசியில் இருக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை:
எங்கள் அப்பா பீடி, வெற்றிலை எதையும் தொடாதவர். டான்சிலில் கட்டி. ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்' என்று பார்த்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பாலக்காட்டு டாக்டர், தொண்டைப் புற்றில் அது நல்ல சேதி என்றார். கட்டி எச்.பி.வி. என்ற வைரஸால் வந்தது என்பதற்கு அடையாளமாம். அந்த வைரஸின் ஈ7 என்ற புரதம், செல் பெருகாமல் பிரேக் போடும் ஆர்.பி. புரதத்தை ஒழித்துவிடும். அந்தப் பிரேக் போனதும் பி16 மரபணு முழு மூச்சாக வேலைசெய்து புரதத்தைக் குவிக்கும். 70 சதவீதச் செல்களிலாவது அடர்த்தியாகச் சாயம் ஏறினால்தான் பாசிட்டிவ். இந்தக் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகப் படியும். 2018 முதல் ஸ்டேஜ் கணக்கே தனி. புளியரை அண்ணா, உங்கள் மாமாவுக்கு வந்த கன்னப் புற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. போயிலைப் புற்றில் பல சமயம் அந்த பி16 மரபணுவே அறுந்துபோயிருக்கும்.

களியக்காவிளை லேப்:
சில கிளினிக்கில் சதைத்துண்டை சலைனில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். வந்து சேர்வதற்குள் நாற்றம். புரதமும் போச்சு, ஆர்.என்.ஏ.வும் போச்சு. எடுத்த உடனே 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். அப்புறம், பிளாக் கொண்டுபோகிறவர்கள் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள். மெழுகு 60 டிகிரி பக்கம் உருகிவிடும். போன சித்திரையில் ஒருவர் நீட்டிய கவரே பிசுபிசுத்தது. மறுபடி மெழுகு ஊற்றி எப்படியோ ஒப்பேற்றினோம்.

புளியரைக்காரன்:
நல்லவேளை, எங்களிடம் காரே இல்லை. சட்டைப் பையில்தான் வந்தது.