ஃபயர்வாலை அணைக்காம மைன்கிராஃப்ட், வாட்ஸ்அப் ரெண்டும் ஓடணும், வழி சொல்லுங்க

பேட்டைவாசி:
வணக்கம். வீடு திருநெல்வேலி பேட்டையில. கீழ என் டெஸ்க்டாப், வின்டோஸ் 11. மாடியில தங்கச்சி வீடு, அங்க ஒரு லேப்டாப். ரெண்டுக்கும் ஒரே வைஃபை. ஐப்பசி மழையில இடி இறங்கி ரவுட்டர் போச்சு. கேபிள்காரர் வேற ஒண்ணு வச்சுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் மகன் மைன்கிராஃப்ட் ஜாவாவுல ‘ஓபன் டு லேன்’ (ஒரே வைஃபையில இருக்குறவங்களை விளையாட்டுல சேர்த்துக்குறது) போட்டா மாடியில இருக்குற மருமவனால உள்ள வர முடியல.

கடையில கேட்டேன், ஃபயர்வாலை (கம்ப்யூட்டருக்குள்ள வர்றதையும் போறதையும் காவல் காக்குறது) ஆஃப் பண்ணச் சொன்னாக. பண்ணினா விளையாட்டு ஓடுது. ஆனா வீட்டுக்காரி பேங்க் வேலையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் பாக்கா, பயந்து திரும்பப் போட்டுட்டேன். ஒரு வீடியோ பாத்து இன்பவுண்ட்ல (வெளிய இருந்து உள்ள வர்ற வழி) 25565ங்கிற போர்ட்டை, அதாவது கதவு நம்பரைத் திறந்தேன், பிரயோஜனம் இல்ல. அதே வீடியோவுல பாதுகாப்புக்குன்னு அவுட்பவுண்டையும் (உள்ள இருந்து வெளிய போற வழி) பிளாக் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டு குரோமுக்கு மட்டும் அனுமதி குடுத்தேன். இப்போ வாட்ஸ்அப்பும் கனெக்ட் ஆகல. அண்ணன் மஸ்கட்ல இருக்கான். அம்மாவுக்குக் கண் சரியில்ல, பெரிய திரையிலதான் அவன் முகத்தப் பாத்துப் பேசுவாக. மூணு நாளாச்சு. யாராவது சொல்லுங்க.

ஆத்தங்கரையான்:
தம்பி, திரும்ப ஆன் பண்ணினது நல்ல காரியம். அம்மா காத்திருப்பாக, முதல்ல வாட்ஸ்அப்பைப் பாப்போம். ஸ்டார்ட்ல ஃபயர்வால்னு தேடுங்க, ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ன்னு முடியுறதைத் திறங்க. ‘ப்ராப்பர்டீஸ்’ உள்ள டொமைன் (ஆபீஸ்), பிரைவேட் (வீடு), பப்ளிக் (பொது இடம்)னு தனித்தனிப் பக்கம் இருக்கும். மூணுலயும் இன்பவுண்ட் ‘பிளாக்’, அவுட்பவுண்ட் ‘அலவ்’. வின்டோஸ் வரும்போதே அப்படித்தான் வரும், வீட்டுக்கு அது போதும்.

ஏன்னா வாட்ஸ்அப் வெளிய இருக்குற சர்வரை தானே போய்க் கூப்பிடுது. நாம கூப்பிட்ட இடத்துல இருந்து வர்ற பதிலை ஃபயர்வால் ஞாபகம் வச்சு உள்ள விடும். அதனால மெசேஜுக்கோ காலுக்கோ இன்பவுண்ட்ல ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். போற வழியை அடைச்சதுதான் கோளாறு.

விளையாட்டு வேற கதை. அங்க உங்க கம்ப்யூட்டர்தான் சர்வர், மாடியில இருந்து ஆள் கதவைத் தட்டுறான். 25565ங்கிறது தனியா சர்வர் போட்டு நடத்துறவங்களுக்கு. ‘ஓபன் டு லேன்’ போடுறப்போ, நாமளா நம்பர் குடுக்கலன்னா அது பாட்டுக்கு ஏதாவது ஒரு போர்ட்டை எடுத்துக்கும், சாட்ல அந்த நம்பரைக் காட்டும். அதனால போர்ட்டுக்கு ரூல் எழுதாம புரோகிராமுக்குத்தான் அனுமதி குடுக்கணும்.

‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ போய் ‘ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி’ன்னு இருக்கான்னு தேடுங்க, மைன்கிராஃப்ட் ஜாவாவை ஓட்டுற புரோகிராம் அதுதான். பச்சை டிக் இருந்தா அனுமதி, சிவப்பு இருந்தா தடை. விளையாட்டை முதல் தடவை திறக்குறப்போ வின்டோஸ் ஒரு பெட்டி காட்டி அனுமதிக்கவான்னு கேட்டிருக்கும். அதுல ‘கேன்சல்’ அடிச்சா பெட்டி சும்மா மூடாது, தடை ரூலா எழுதி வச்சிரும். தடையும் அனுமதியும் ஒரே புரோகிராமுக்கு இருந்தா தடைதான் ஜெயிக்கும். நீங்க எத்தனை அனுமதி சேர்த்தாலும் ஓடாதது அதனாலதான். சிவப்பு வரிகளை அழிச்சுட்டு விளையாட்டைத் திரும்பத் திறங்க. பெட்டி மறுபடி வந்தா ‘பிரைவேட்’டுக்கு மட்டும் டிக் போடுங்க.

இன்னொண்ணு. ரவுட்டர் மாறினா வின்டோஸுக்கு அது புது நெட்வொர்க், பப்ளிக்னு எடுத்துக்கும். வைஃபை ப்ராப்பர்டீஸ்ல ‘பிரைவேட்’ ஆக்கணும், வீட்டு வைஃபைக்கு மட்டும். லேப்டாப்பை பஸ் ஸ்டாண்டுக்கோ ஹாஸ்டலுக்கோ கொண்டு போனா அங்க பப்ளிக்காவே இருக்கட்டும்.

பேட்டைவாசி:
அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே சிவப்புல ரெண்டு வரி! ஒண்ணு டிசிபி, ஒண்ணு யுடிபி (நெட்வொர்க்குல தகவல் போற ரெண்டு முறை). மகன்கிட்ட கேட்டேன். “ஆமாப்பா, ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு, வைரஸோன்னு பயந்து கேன்சல் அடிச்சேன்”ங்கான். அவனைத் திட்டல, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். நெட்வொர்க்கும் பப்ளிக்லதான் கிடந்துச்சு. ரெண்டையும் மாத்தின உடனே மருமவன் மாடியில இருந்து “வந்துட்டேன்”னு சத்தம் போட்டான். ராத்திரி அம்மா அண்ணன்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினாக.

ஒரே ஒரு குறை. அம்பாசமுத்திரத்துல சித்தி மகனும் சேரணுங்கான். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு (வெளிய இருந்து வர்றதை நம்ம கம்ப்யூட்டருக்குத் திருப்பி விடுறது) போட்டும் அவனால வர முடியல.

கல்லிடை அக்கா:
தம்பி, ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல வேன் ஐபி (நெட் கம்பெனி ரவுட்டருக்குக் குடுக்குற எண்) பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, கம்பெனிக்காரங்க ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். வெளிய இருந்து வர்றது உங்க வீட்டு வாசல் வரைக்கும் வராது, நீங்க என்ன ஃபார்வர்டு போட்டாலும் சரி. ஒண்ணு அவங்ககிட்ட பப்ளிக் ஐபி கேட்கணும். இல்ல, ரெண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க் மாதிரி இணைக்குற ஆப்) போடுங்க. உங்க கம்ப்யூட்டருக்கு அது ஒரு எண் குடுக்கும். அந்த எண்ணையும் சாட்ல காட்டுற போர்ட்டையும் சேர்த்து ‘டைரக்ட் கனெக்ஷன்’ல அம்பைப் பையன் அடிக்கணும். டெயில்ஸ்கேல் எண்ணும் 100லதான் ஆரம்பிக்கும், ரவுட்டர் எண்ணோட குழப்பிக்காதீங்க. பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு சோதிக்கிறது) போட்டுப் பாத்து வரலன்னு முடிவு கட்டிடாதீங்க, பிங்கை வின்டோஸ் தடுத்து வச்சிருந்தாலும் விளையாட்டு ஓடும்.

பேட்டைவாசி:
100.81ல ஆரம்பிக்குதுக்கா, அதேதான். ஞாயித்துக்கிழமை அம்பைக்குப் போறேன், அவன் கம்ப்யூட்டர்ல நானே போட்டுக் குடுத்துட்டுச் சொல்றேன். வீடியோ பாத்துத் திறந்த 25565 ரூலையும், ரவுட்டர்ல போட்ட ஃபார்வர்டையும் இப்பவே அழிச்சுட்டேன்.